ஆறு மணிக்குக் கத்த வேண்டும்

1

எங்கள் வாட்ஸ்அப் குரூப்பின் பெயர் 'அந்த மேட்ச்'. எந்த மேட்ச் என்று கேட்கிற ஆளை அதில் சேர்ப்பதில்லை.

உங்களுக்கு மட்டும் சொல்கிறேன். முப்பது வருஷத்துக்கு முன்னால், பெங்களூரு காக்ஸ் டவுனில் எங்கள் கோயிலுக்குப் பின்பக்கம் இருக்கிற சிமெண்ட் கோர்ட்டில், கல்லூரிகளுக்கு இடையே ஒரு பாஸ்கெட்பால் ஃபைனல் நடந்தது. அதில் எங்கள் காலேஜ் தோற்றது. நான் படித்தது பெண்கள் கல்லூரியில்தான், ஆனாலும் ஆடினவர்கள் எல்லாம் எங்கள் தெருப் பையன்கள் என்பதால் அது எங்கள் காலேஜ். ஜெயித்தவர்கள் அந்த ஃபைனலை அடுத்த வருஷமே மறந்துவிட்டார்கள். தோற்ற நாங்கள் வருஷா வருஷம் கேக் வெட்டிக் கொண்டாடுகிறோம். எங்களை மாதிரி ஒரு கூட்டம் வேறு எங்கேயாவது இருந்தால் சொல்லுங்கள், குரூப்பில் சேர்த்துக்கொள்ளலாம்.

நான் இப்போது மெல்பர்னில் ஒரு முதியோர் இல்லத்தில் நர்ஸ். காலையில் ஷிஃப்டுக்குப் போகிற ரயிலில்தான் குரூப்பைத் திறப்பேன். அன்றைக்கு மரியதாஸ் அண்ணாவின் குரல் வந்திருந்தது. அவர்தான் குரூப்பின் அட்மின். ஃபேக்டரியில் இருந்து ரிட்டயர் ஆனவர், டைப் அடிக்கச் சோம்பல், அதனால் எதையும் பேசித்தான் அனுப்புவார். காதில் ஹெட்போன் சொருகியிருக்கிறேன் என்ற நினைப்பில் அமுக்கிவிட்டேன்.

"ஏய் பிலோ! இந்த வருஷம் சும்மா கேக் வெட்டி போட்டோ புடிக்கிறதெல்லாம் கிடையாது. மேட்சை மறுபடியும் ஆடப் போறோம். அதே கோர்ட்டு, அதே ஆளுங்க. எதிர் டீம் ராஜண்ணாவே வரேன்னுட்டான். நம்ம லூர்துதான் பிடி குடுக்க மாட்டேங்கறான். நீ நேர்ல வந்து சொன்னாத்தான் கேப்பான். டிக்கெட் போடு!"

மெல்பர்ன் ரயிலில் யாரும் யாரையும் நிமிர்ந்து பார்ப்பதில்லை. அன்றைக்குப் பெட்டி முழுக்க என்னைப் பார்த்தது. "ஹோகலி பிடு" என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். போகட்டும் விடு என்பதற்கு எங்கள் ஊர்க் கன்னடம் இது. இத்தனை வருஷம் இங்கே இருந்தும், மானம் போகிற நேரத்தில் எனக்கு ஆங்கிலம் வந்ததே இல்லை.

2

மேட்சைச் சொல்லாமல் மேலே போக முடியாது.

கடைசி நிமிஷம். நாங்கள் ஒரு பாயிண்ட் முன்னால் இருந்தோம். பந்து எங்கள் கேப்டன் லூர்துராஜின் கையில். லூர்து அண்ணா ஜீவனஹள்ளிப் பையன், எங்கள் வீட்டுக்கு நாலு வீடு தள்ளி. பந்தைத் தட்டிக்கொண்டே கொஞ்ச நேரத்தை ஓட்டினால் போதும், கப் எங்களுக்கு. அப்போது கோயிலில் சாயங்காலம் ஆறு மணிக்கான மணி அடித்தது.

கத்தோலிக்கர் அல்லாதவர்களுக்கு இதை விளக்க வேண்டும். காலை, மதியம், சாயங்காலம் என்று மூன்று வேளை எங்கள் கோயிலில் மணி அடிப்பார்கள். காதில் விழுந்த இடத்தில் அப்படியே நின்று, சிலுவை போட்டு, கண்ணை மூடிச் செபம் சொல்ல வேண்டும். எங்கள் பள்ளிக்கூடத்துக் கன்னியாஸ்திரிகள் இதை எங்கள் மூட்டு மூட்டுக்குள்ளும் ஏற்றியிருந்தார்கள். பாண்டி ஆடுகிற பெண் ஒற்றைக் காலிலேயே நிற்கும். குழாயடியில் சண்டை போடுகிறவர்கள் கெட்ட வார்த்தையைப் பாதியில் நிறுத்தி, செபம் முடிந்ததும் மீதியைச் சொல்வார்கள்.

லூர்து அண்ணாவும் நின்றுவிட்டார். பந்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, கோர்ட்டின் நட்டநடுவில். எதிரே நின்றவன் ராஜண்ணா, மண்டியா பக்கத்து கவர்ன்மெண்ட் ஸ்கூலில் படித்து வந்தவன். அவன், லூர்து அண்ணாவின் கக்கத்தில் இருந்த பந்தை உருவி, தனியாக ஓடிப் போய், ரிங்கில் போட்டுவிட்டு வந்தான். ரெஃப்ரீ தார்வாட் பக்கத்துக்காரர். அவருக்கும் மணியைப் பற்றி ஒன்றும் தெரியாது. பாயிண்ட் கொடுத்துவிட்டார். முடிந்தது.

அடுத்த ஞாயிறு பூசையில் அப்போதைய பங்குச் சாமியார், இந்தப் பையன் மண்ணுலகக் கோப்பையைத் தள்ளிவிட்டு விண்ணுலகக் கோப்பையைக் கையில் எடுத்தான் என்று பிரசங்கம் செய்தார். கோயிலே அழுதது. முன்வரிசையில் லூர்து அண்ணாவின் அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துத் துடைத்துச் சிரித்துக்கொண்டிருந்தார். அன்றிலிருந்து லூர்து அண்ணா 'மணி லூர்து'. மறைக்கல்வி வகுப்புப் பிள்ளைகளுக்கு இன்றைக்கும் அவர் கதையைச் சொல்கிறார்கள்.

இதில் ஒரு சின்ன விஷயம் பிரசங்கத்தில் வரவில்லை. விளையாட்டுக் கோட்டாவில் ஆள் எடுப்பதற்காக ஒரு பேங்கில் இருந்து அன்றைக்கு இரண்டு பேர் வந்து உட்கார்ந்திருந்தார்கள். வேலை ராஜண்ணாவுக்குப் போனது. எங்கள் ஆளுக்கு விண்ணுலகக் கோப்பையும், ஜீவனஹள்ளியில் ஒரு ஜெராக்ஸ் கடையும். புனிதர் பட்டத்தை நாங்கள் இலவசமாகவே கொடுத்தோம், அதையும் சொல்ல வேண்டும்.

குரூப்பில் ஆளுக்கு ஒரு மேட்ச் உண்டு. அன்றைக்கு மழை தூறியது என்பார் ஒருவர். வெயில் மண்டையைப் பிளந்தது என்பார் இன்னொருவர். ஒரு விஷயத்தில் மட்டும் எல்லாரும் ஒரே கட்சி. நாங்கள் "ஓடு லூர்து, ஓடு!" என்று தொண்டை கிழியக் கத்தினோம், அவர் காதில் அது விழவில்லை, அவர் அப்போது இந்த உலகத்திலேயே இல்லை. நானும் இதை இப்படியேதான் என் கணவர் ஜெரோமிடம் சொன்னேன், மகளிடம் சொன்னேன், என் வார்டில் படுத்திருக்கிற கிரேக்கப் பாட்டிமார்களிடமும் விடவில்லை. ஜெரோம் நாகர்கோவில்காரர். அவருக்கு கால்பந்து ஒன்றுதான் விளையாட்டு, மற்றதெல்லாம் கைவேலை.

3

மகள் ரூத்துக்குப் பத்தொன்பது வயது. பிசியோதெரபி படிக்கிறாள். அவளும் பாஸ்கெட்பால் ஆடுகிறாள், ஆனால் அது வேறு ஜாதி. மரத் தரை, ஏசி, ஆளுக்கு ஒரு தண்ணீர் பாட்டில். பார்க்க வருகிற அப்பா அம்மாக்கள், பந்து விழாவிட்டாலும் "நல்ல முயற்சி" என்று கை தட்டுவார்கள். நான் முதல் தடவை போனபோது எங்கள் ஊர்ப் பழக்கத்தில் ரெஃப்ரீயின் கண்ணைப் பற்றி நாலு வார்த்தை கேட்டுவிட்டேன். கிளப்பில் இருந்து மிக மரியாதையாக ஒரு ஈமெயில் வந்தது. அதற்கப்புறம் ரூத் என்னை மேட்சுக்கு அழைப்பதில்லை.

அவளுக்குத் தமிழ் கொஞ்சம். வாங்க, போங்க, சாப்பிடுங்க, போதும். எல்லாம் ஜெரோம் சொல்லிக் கொடுத்தது, அதனால் நாயைக்கூட 'போங்க' என்றுதான் விரட்டுவாள். செபம் சுத்தமாக இல்லை. சின்ன வயசில் பக்கத்தில் உட்கார வைத்துச் சொல்லிக் கொடுக்கப் பார்த்தேன். பாதியில் தூங்கிவிடுவாள், இரட்டை ஷிஃப்ட் பார்த்துவிட்டு வந்த நான் அவளுக்கு முன்னால் தூங்கிவிடுவேன்.

இங்கே மணி அடிக்கிற கோயில் எங்கள் பக்கத்தில் கிடையாது. அதனால் சாயங்காலம் ஆறு மணிக்கு போனில் ஒரு அலாரம் வைத்திருக்கிறேன். அது அடித்ததும் அடுப்படியில் நின்று கண்ணை மூடுவேன். ரூத் இவ்வளவு காலமும் அதை என் பிரஷர் மாத்திரைக்கான அலாரம் என்றே நினைத்திருக்கிறாள். நான் கண்ணை மூடி நிற்கும்போது உள்ளே இருந்து, "அம்மா, மாத்திரை!" என்று குரல் கொடுப்பாள். எனக்குச் சுருக்கென்று இருக்கும். என்ன பிள்ளை வளர்த்தேன் போ, என்று மாதாவிடமே புகார் சொல்வேன்.

பெங்களூருக்கு வருகிறாயா என்று கேட்டேன். டிக்கெட் நான் எடுப்பதாக இருந்தால் வருகிறேன் என்றாள்.

4

மரியதாஸ் அண்ணா கோர்ட்டுக்கு அனுமதி வாங்க வார்டு ஆபீசுக்குப் போயிருக்கிறார். காரியம் சீக்கிரம் நடக்கட்டும் என்று, "ஃபாரின்ல இருந்தெல்லாம் ஆள் வராங்க சார்" என்று ஒரு பிட்டைப் போட்டிருக்கிறார். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். வெளிநாட்டவர் கலந்துகொள்கிற நிகழ்ச்சியா, அப்படியானால் போலீஸ் ஸ்டேஷனில் இருந்து ஆட்சேபம் இல்லை என்று எழுதி வாங்கி வாருங்கள் என்றுவிட்டார்கள். நான் இறங்கின மறுநாளே, அந்த வெளிநாட்டவர் நானேதான் என்று காட்டுவதற்காக என்னை வார்டு ஆபீசுக்கு இழுத்துக்கொண்டு போனார்.

மேஜைக்குப் பின்னால் இருந்த பையனுக்கு ரூத்தைவிட நாலைந்து வயது கூட இருக்கும். பாஸ்போர்ட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"ஆஸ்ட்ரேலியாதவரா மேடம்?" என்று கன்னடத்தில் கேட்டான்.

"இல்லே ஹுட்டித்து கணப்பா," என்றேன். இங்கேதான் பிறந்தேன், அப்பா. "இந்த ஆபீஸ் இருக்கிற இடத்துல அப்ப ரேஷன் கடை. மண்ணெண்ணெய்க்கு நான் க்யூல நின்ன இடம் நீ உக்காந்திருக்கிற இடம்."

பையன் நாற்காலியைக் கொஞ்சம் நகர்த்திப் போட்டுக்கொண்டான். "நீவு இல்லியவரே மேடம், எல்லா சரி இதெ," என்றான். நீங்கள் இந்த ஊர்க்காரர்தான், எல்லாம் சரியாக இருக்கிறது. "ஆதரெ பாஸ்போர்ட் ஃபாரின் ஆகிதெ." ஆனால் பாஸ்போர்ட் வெளிநாட்டுப் பாஸ்போர்ட்டாக இருக்கிறது.

சொந்த வார்டில் அந்நிய நாட்டவளாகப் போலீஸ் ஸ்டேஷன் பெஞ்சில் ஒரு முழு மத்தியானம் உட்கார்ந்தேன். அங்கே இருந்த போலீஸ் அம்மணி நல்ல மாதிரி, டீ வாங்கிக் கொடுத்தார். கடைசியில் அனுமதி கிடைத்தது. ஆறரை மணிக்குள் மைதானத்தைக் காலி செய்ய வேண்டும் என்று நிபந்தனை. மரியதாஸ் அண்ணாவுக்கு அது போதும், அவருக்கு வேண்டியது ஆறு மணி.

5

லூர்து அண்ணாவைப் பார்க்க ஜீவனஹள்ளிக்குத் தனியாகப் போனேன். நான் மெல்பர்ன் போவதற்கு முன்னால், அவர் அம்மாவுக்குக் கடைசிக் காலத்தில் வீட்டுக்குப் போய் ஊசி போட்டவள். அதனால்தான் நான் சொன்னால் கேட்பார் என்று மரியதாஸ் அண்ணா கணக்குப் போட்டிருந்தார்.

கடையில் அவர் ஒரு காலேஜ் பெண்ணுக்கு ஆதார் கார்டை ஜெராக்ஸ் எடுத்துக்கொண்டிருந்தார். தலை நரைத்து, ஒரு முட்டியில் பட்டை கட்டியிருந்தார். உயரம் மட்டும் அப்படியே இருந்தது. என்னைப் பார்த்ததும், "மரியதாஸ் அனுப்பினானா?" என்றார்.

"நல்லாருக்கியா பிலோன்னு ஒரு வார்த்தை கேக்கக் கூடாதா?"

"நல்லாத்தான் இருக்கே. கழுத்துல நாலு பவுன் தெரியுது." ஸ்டூலைத் துடைத்துப் போட்டார். "நான் வரல பிலோ. சால்வை போடுவாங்க. அப்புறம் அந்தச் சின்ன ஃபாதர் மைக்கைப் புடிச்சுக்கிட்டு பிள்ளைங்ககிட்ட என்னைக் காட்டுவாரு. இந்த அங்கிள்தான் செபத்துக்காக நின்னவரு, பாத்துக்கோங்கன்னு. போதும்டா சாமி."

"நடந்ததைத்தானே சொல்றாங்க?"

ஜெராக்ஸ் மெஷினை அணைத்தார்.

"நான் செபத்துக்காக நிக்கல. மணி என் காதுல விழவே இல்ல."

"என்னண்ணா சொல்றீங்க?"

"கேலரில அவ்வளவு சத்தம். அதுல எனக்கு எங்க மணி கேக்கும்? நான் பாட்டுக்கு பந்தைத் தட்டிக்கிட்டிருந்தேன். திடீர்னு உங்க சத்தம் நின்னு போச்சு. ஒரேயடியா. கேலரி கப்சிப்னு ஆனா என்ன அர்த்தம்? மேட்ச் முடிஞ்சுதுன்னுதானே? நான் பந்தைக் கக்கத்துல வெச்சுக்கிட்டு உங்களைத் திரும்பிப் பாத்தேன். ஜெயிச்சுட்டமான்னு யாராவது ஒருத்தர் மூஞ்சியில தெரியுமேன்னு பாத்தேன். ஒருத்தர் கண்ணும் தொறந்திருக்கல பிலோ. அத்தனை பேரும் கையை நெத்தியில வெச்சுக்கிட்டு நிக்கறீங்க."

எனக்குக் கோபம்தான் முதலில் வந்தது. "நாங்க கத்தினோம்ணா! ஓடு ஓடுன்னு கத்தினோம். எனக்கு மறுநாள் குரலே எழும்பல."

"அது முன்னாடி கத்தினது."

அந்தச் சாயங்காலத்தை மனசுக்குள் ஓட்டிப் பார்த்தேன். ராஜண்ணா பந்தை உருவினது ஞாபகம் இருக்கிறதா என்று தேடினேன். எத்தனையோ பேருக்கு அதை நடித்தே காட்டியிருக்கிறேன். ஆனால் என் கண்ணால் பார்த்ததாக ஒரு துண்டுகூட வரவில்லை. ஞாபகத்தில் வருவது, கண்ணைத் திறந்தபோது எதிர்ப்பக்கத்துப் பையன்கள் குதித்துக்கொண்டிருந்தது மட்டும்தான்.

"ஏண்ணா இத்தனை நாளா சொல்லல?"

"எங்க சொல்றது? அதுக்குள்ள சாமியார் சொல்லிட்டாரே. அம்மா எப்படிச் சிரிச்சாங்க பாத்தியா அன்னைக்கு? அப்பா போனதுக்கப்புறம் அவங்க அப்படிச் சிரிச்சு நான் பாத்ததில்ல. அதைப் போய் இல்லைன்னு சொல்லவா? அவங்க இருக்கிற வரைக்கும் நான் மணி லூர்தாவே இருந்துட்டேன். பழகிடுச்சு. ராஜண்ணா பேங்குல ஆபீசர் ஆயிட்டான். நான் அவன் பேங்க்லதான் கடைக்கு லோன் கேட்டேன், தெரியுமா? அவன்தான் கையெழுத்துப் போட்டான்."

இதைச் சொல்லிவிட்டு அவரே சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

"சரி, வரேன்," என்றார். "சால்வை கூடாது. மைக் கூடாது. நான் இப்ப சொன்னதை யாருகிட்டயும் சொல்லவும் கூடாது, அம்மா பேரு அப்படியே இருக்கட்டும். ஒண்ணே ஒண்ணுதான் எனக்கு வேணும். பந்து என் கையில இருக்கும்போது ஆறு மணி அடிக்கட்டும். அடிச்சா நீங்க யாரும் நிக்கக் கூடாது. கத்திக்கிட்டே இருக்கணும். அந்தச் சத்தத்துல நான் ஒரு தடவை போடணும். அவ்வளவுதான்."

6

இதைக் குரூப்பில் போட்டேன். காரணத்தைச் சொல்லவில்லை, அவருடைய ஆசை என்று மட்டும் சொன்னேன். அடேயப்பா, அப்புறம் இரண்டு நாளைக்கு அங்கே வத்திக்கான் பொதுச்சங்கம்தான் நடந்தது. மணிக்கு நிற்காமல் கத்துவது பாவமா, பாவம் என்றால் அற்பப் பாவமா, கனமான பாவமா? துபாயில் இருந்து ஒருவர், முன்கூட்டியே சாமியாரிடம் போய்ப் பாவசங்கீர்த்தனம் செய்துவிட முடியுமா என்று கேட்டார். மணியையே கொஞ்சம் தள்ளி அடிக்கச் சொல்லலாம் என்றார் ஒருவர். அது முடியாது, இப்போது மணி டைமரில் ஓடுகிறது, அதைச் செட் பண்ணின எலக்ட்ரீஷியன் கேரளாவுக்குப் போய்விட்டான். கடைசியில் சின்ன ஃபாதரையே கேட்டார்கள். "கத்துங்களேன், கடவுளுக்கு என்ன காது வலிக்கவா போகுது?" என்றுவிட்டார். எல்லாரும் கட்டை விரலைத் தூக்கிச் சம்மதம் போட்டார்கள்.

அந்தச் சனிக்கிழமை கேலரி நிறைந்திருந்தது. முப்பது வருஷத்துக்கு முன்னால் மேட்ச் பார்த்தவர்கள், பார்த்ததாகச் சொல்லிக்கொள்கிறவர்கள், அவர்கள் பிள்ளைகள். ராஜண்ணா பேத்தியைத் தூக்கிக்கொண்டு வந்திருந்தார். எங்கள் ஆட்கள் இன்னும் அவரை ஒரு மாதிரியாகத்தான் பார்த்தார்கள்.

"ஏன் குரு எல்லாம் மொறைக்கறீங்க?" என்றார் அவர் கன்னடம் கலந்த தமிழில். 'குரு' என்றால் எங்கள் ஊரில் 'மச்சி' மாதிரி. "நம்ம ஊர்ல பெல் அடிச்சா ஸ்கூல் விட்டாச்சுன்னு அர்த்தம். பெல் அடிச்சா ஓடணும். நானு ஓடினேன். இதுல ஏனு தப்பு?"

ஆட்டத்தைப் பற்றி அதிகம் சொல்லாமல் விடுவது அவர்களுக்கு நல்லது. பந்து ஓடினதைவிட ஆட்கள் முட்டியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தது அதிகம். ரூத் என் பக்கத்தில் உட்கார்ந்து, யார் யாருக்கு எந்தத் தசைநார் பிய்ந்திருக்கும் என்று ஆங்கிலத்தில் சொல்லிக்கொண்டிருந்தாள். லூர்து அண்ணா பந்தைத் தொட்டபோது மட்டும் பேச்சை நிறுத்தினாள். "அம்மா, இவர் நிஜமாவே ஆடுவாரு," என்றாள்.

ஆறு மணி நெருங்க, ஸ்கோர் மேஜையில் இருந்த மரியதாஸ் அண்ணா வெட்கமே இல்லாமல் கத்தினார்: "பந்தை லூர்துகிட்ட குடுங்கடா!"

கொடுத்தார்கள். நடுக்கோர்ட்டில் லூர்து அண்ணா, எதிரே கையை விரித்துக்கொண்டு ராஜண்ணா. நாங்கள் எல்லாரும் எழுந்து நின்றோம். "லூர்து! லூர்து! லூர்து!" கேலரி அதிர்ந்தது. நானும் கத்தினேன், சத்தியமாகக் கத்தினேன். அவர் பந்தைத் தட்டிக்கொண்டே எங்களை ஒரு தடவை திரும்பிப் பார்த்தார். முகத்தில் ஒரு பையனின் சந்தோஷம் இருந்தது.

மணி அடித்தது.

அய்யோ, என்ன சொல்வேன்! இரண்டு நாள் விவாதம், கட்டை விரல், ஃபாதர் கொடுத்த அனுமதி, எல்லாம் போன இடம் தெரியவில்லை. என் வாய் தானாக மூடிக்கொண்டது, கை தானாக நெற்றிக்குப் போனது, கண் மூடிவிட்டது. சுற்றிலும் ஒரு சத்தமும் இல்லை. அத்தனை பேரும் நின்றுவிட்டார்கள். திற, திற என்று என் கண்ணுக்கு நானே உள்ளுக்குள் சொன்னேன். அது நான் சொன்னதைக் கேட்கவில்லை, கன்னியாஸ்திரிகள் சொன்னதைத்தான் கேட்டது. கோர்ட்டில் பந்து தட்டுகிற சத்தமும் நின்றுபோனது. சேசுவே, மறுபடியும் அவரைக் கொன்றுவிட்டோமே என்று நினைத்தேன்.

அப்போது என் காதுக்குப் பக்கத்தில் ஒரு குரல்.

"போங்க அங்கிள்! போங்க! போங்க!"

ரூத். அவளுக்கு மணி என்றால் என்ன என்றே தெரியாது. யாருக்கோ மாத்திரை நேரம் என்று நினைத்திருப்பாள். அந்த முழு மைதானத்தில் தனியாக ஒருத்தி, தெரிந்த நாலு தமிழ் வார்த்தையில் ஒன்றை வைத்துக்கொண்டு, அந்த மனுஷனை மரியாதையாக விரட்டிக்கொண்டிருந்தாள். பந்து மறுபடி தட்டுகிற சத்தம் கேட்டது. ஷூ தேய்ந்தது. அதற்குள் ஒலிபெருக்கியில் செபம் தொடங்கிவிட்டது. யாருக்கும் மனத்தாங்கல் வரக்கூடாது என்று எங்கள் கோயிலில் அதை இப்போது கன்னடம், ஆங்கிலம், தமிழ் என்று மூன்றிலும் போடுகிறார்கள். மூன்றும் முடிகிற வரைக்கும் நான் நின்றேன்.

கண்ணைத் திறந்தபோது லூர்து அண்ணா ரிங்குக்குக் கீழே பந்தோடு நின்று, மூச்சு வாங்கச் சிரித்துக்கொண்டிருந்தார். ராஜண்ணாவைப் பார்த்தேன். அவர் நடுக்கோர்ட்டில் கை கூப்பி, அப்போதுதான் கண்ணைத் திறந்துகொண்டிருந்தார். முப்பது வருஷமாக இந்தப் பக்கத்து பேங்க் கிளைகளில் வேலை பார்க்கிறவர், அவரும் பழகிவிட்டார்.

ஒரு விநாடி எல்லாரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். பந்து விழுந்ததா என்று ஒருவரும் கேட்கவில்லை. கேட்டால், பார்க்கவில்லை என்று ஆகிவிடுமே! மரியதாஸ் அண்ணா ரொம்ப தைரியமாக எழுந்து போர்டில் இரண்டு பாயிண்ட் எழுதினார். கேலரி இடிந்து விழுகிற மாதிரி கத்தினோம். தேவைப்பட்டபோது வராத சத்தம் எல்லாம் அப்போது வந்தது.

7

மெல்பர்னுக்குத் திரும்பி வந்தாயிற்று. ரயில், ஷிஃப்ட், கிரேக்கப் பாட்டிமார்கள். குரூப்பில் இன்னும் அந்தப் பந்து பறந்துகொண்டிருக்கிறது. இடது கையால் போட்டார் என்கிறார் ஒருவர். போர்டில் படாமல், ரிங்கில் உரசாமல் அப்படியே இறங்கியது என்கிறார் இன்னொருவர். ஆஸ்டின் டவுனில் இருந்து வந்திருந்த ஒருவர், பந்து மேலே போகும்போது கோயில் சிலுவைக்கு நேராக ஒரு கணம் நின்றதைத் தன் கண்ணால் பார்த்ததாக எழுதியிருக்கிறார். மறைக்கல்வி வகுப்பில் இனி இதையும் சேர்த்துக்கொள்வார்கள். நானும் சும்மா இருக்க முடியாமல், 'என்ன ஷாட்!' என்று போட்டு மூன்று கண்ணீர் முகங்களையும் போட்டேன்.

நேற்றுச் சாயங்காலம் அலாரம் அடித்தது. நான் அடுப்படியில் நின்றேன். ரூத் உள்ளே இருந்து மாத்திரை என்று கத்தவில்லை. வந்து சுவரில் சாய்ந்துகொண்டு, நான் முடிக்கிற வரைக்கும் காத்திருந்தாள். அவளுக்கு இப்போது விஷயம் தெரியும்.

"ரூத்," என்றேன். "அன்னைக்கு லூர்து அங்கிள் பந்து... விழுந்துச்சா?"

அவள் என்னை வினோதமாகப் பார்த்தாள். பிறகு பாதி ஆங்கிலத்திலும் பாதி கையாலும் சொன்னாள். முதல் தடவை விழவில்லையாம். ரிங்கில் பட்டு வெளியே துள்ளிவிட்டது. யாரும் அசையவில்லை, அவரே நொண்டிக்கொண்டு போய்ப் பந்தை எடுத்தார். திரும்பி வந்து, மூச்சு வாங்கிவிட்டு, மறுபடி போட்டார். அப்போதுதான் விழுந்தது.

மூன்று மொழிச் செபத்துக்கு நேற்றுத்தான் மனசார நன்றி சொன்னேன். "இத்தனை நாளா ஏன்டி சொல்லல?"

"யாரும் கேக்கலையே."

"வேற என்ன நடந்துச்சு?"

கொஞ்சம் யோசித்தாள்.

"போட்டுட்டு திரும்பிப் பாத்தார் அம்மா. எல்லாரையும் பாத்துட்டு, கடைசியா என்னைப் பாத்தார். நான் பாத்தேனான்னு பாத்தார்."

"நீ என்ன பண்ணினே?"

"கை தட்டினேன்," என்றாள்.